கடற்கரை ஊர்களில் போன் வழி டாக்டர்: ராமநாதபுரம் கரைக்காரர்கள் தெரிந்துவைக்க வேண்டியவை

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல இருக்கும். தொண்டிக்காரருக்கும் சாயல்குடிக்காரருக்கும் தூரம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போவது எல்லாருக்கும் ஒன்றுதான். பஸ் பிடித்து, ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கடைசியில் டாக்டர் முன்னால் உட்காருவது சில நிமிடம். சளி, தோல் அரிப்பு, வயிற்று எரிச்சல், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு விளக்கம் கேட்பது போன்றவற்றுக்கு அந்த ஒரு நாளை இழக்க வேண்டியதில்லை. போனிலேயே டாக்டரிடம் பேசிவிடலாம். ஆனால் நாம் சொல்வதும் காட்டுவதும் மட்டும்தான் அந்த டாக்டருக்குத் தெரியும். தொட்டுப் பார்க்கவோ, வயிற்றை அமுக்கிப் பார்க்கவோ அவரால் முடியாது. ஆகவே இந்தப் பக்கம் நாம் எவ்வளவு தயாராக உட்காருகிறோமோ அவ்வளவுதான் பலன் கிடைக்கும்.

அரசின் சேவை இ-சஞ்சீவனி. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பேசும் வசதி வந்தது. கட்டணம் கிடையாது. பிராக்டோ, அப்பல்லோ 24/7, டாடா 1எம்ஜி போன்ற தனியார் செயலிகள் பணம் வாங்கும். அங்கே குறிப்பிட்ட டாக்டரை, குறிப்பிட்ட துறையைத் தேர்ந்தெடுக்கலாம். எதில் போனாலும் டாக்டர் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்பதை 2020 மார்ச் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்தான் முடிவு செய்கிறது. 'டாக்டர் ஏன் மாத்திரை எழுதித் தர மாட்டேங்கிறார்' என்ற கோபத்துக்குப் பெரும்பாலும் விடை அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், செயலியைத் திறக்கவே கூடாத நேரங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்கு ரத்தம் படுவது அல்லது கடும் தலைவலியோடு கண் மங்குவது, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. இதில் எது வந்தாலும் நேரே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்து, ஸ்கேனும் எடுத்து முடிந்திருக்க வேண்டும். தீவிலிருந்து பாலம் தாண்டி வரவே அதில் நல்ல பங்கு போய்விடும். அந்த நேரத்தில் டோக்கன் போட்டு 'உங்கள் வரிசை எண் 9' என்று பார்த்துக்கொண்டிருப்பது உயிரைக் கரைப்பதுதான்.

நம் கரைக்கே உரிய இரண்டு மூன்று விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் டாக்டர் அவற்றை அன்றாடம் பார்த்திருக்க மாட்டார்.

கடல்பாம்பு. வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது கடித்திருக்கும். கடித்த இடத்தில் வலியும் இராது, வீக்கமும் இராது. 'ஒண்ணுமில்ல' என்று தொழிலைத் தொடர்ந்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி வரும், கண் இமை தொங்கும், சிறுநீர் கறுக்கும். ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக இருக்கும் பாம்புக்கடி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கானது. கடல்பாம்பு நஞ்சுக்கு அது வேலை செய்யாது. ஆகவே வென்டிலேட்டரும் சிறுநீரக வைத்தியமும் இருக்கிற இடமாகப் பார்த்துப் போக வேண்டும். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் வேண்டாம். கடித்த கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

திருக்கை முள். கால் வைத்த இடத்தில் வால் முள் ஏறினால் வலி துடிக்க வைக்கும். பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அந்தக் காலை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். அந்த நஞ்சு சூட்டில் சிதைகிறது. சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும். அடிபட்ட காலுக்கு மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, வெந்துவிடும். இதைச் செய்துகொண்டே போனில் டாக்டரைக் கூப்பிடலாம். அவரிடம் 'திருக்கை குத்திருச்சு' என்றால் புரியாமல் போகலாம். 'தட்டையான மீன், வாலில் ரம்பம் போல் முள் உள்ளது, அது காலில் இவ்வளவு ஆழம் இறங்கியது, முள் துண்டு உள்ளே இருக்கிறதா தெரியவில்லை' என்று சொன்னால் அவருக்கு உடனே புரிந்துவிடும். கடைசியாகத் தடுப்பூசி, அந்த டிடி ஊசி, எப்போது போட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரி.

மூன்றாவது, சுகர் உள்ளவர்களின் கடல் காயம். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பார்க்கல்லில், அதாவது கடலடிப் பாறையில், கால் கிழிவது வாடிக்கை. கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. சுகரோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஒரே நாளில் காலில் மேலேறிவிடும். சிவப்பு பரவுவது, நீர்க்கொப்புளம், காய்ச்சல் என்று கண்டால் போட்டோ எடுத்து அனுப்பி 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். சிவப்பு பரவுகிறதா என்று தெரிய, அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் ஆஸ்பத்திரிக்கு ஏறிவிட வேண்டும்.

படகில் இருக்கும்போது ஒருவருக்கு முடியாமல் போனால் செயலியால் ஒரு பயனும் இல்லை, கரை தள்ளினால் போன் சிக்னல் போய்விடும். படகு ரேடியோவான விஎச்எஃப் கருவியில் 16ஆம் சேனல், அல்லது சிக்னல் இருக்கும் வரை கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசின் 1093. இந்த இரண்டு எண்களும் எல்லாப் படகுக்காரர் போனிலும் இருக்க வேண்டும்.

இனி, செயலியால் பேசக்கூடிய விஷயங்களுக்கு வருவோம்.

பதிவு செய்வது எளிது. மொபைல் எண், ஓடிபி, பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வேறு என்ன வியாதி உண்டு. பிறகு மாநிலமும் ஓபியும் தேர்ந்தெடுத்தால் டோக்கன் வரும். எந்த ஓபி எந்த நேரம் நடக்கிறது என்று செயலியே காட்டும். திரையின் அமைப்பு அவ்வப்போது மாறும், ஆனால் கேட்கும் விவரம் இதுதான். இதில் நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஓடிபியில். வீட்டில் எல்லாப் பதிவும் கணவர் எண்ணில் இருக்கும், அந்தப் போன் அவரோடு கடலுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் துபாயில் இருக்கும். உடம்பு முடியாத அன்றைக்கு ஓடிபிக்கு யாரைத் தேடுவது? நல்லாயிருக்கிற நாளிலேயே, கரையிலேயே இருக்கும் பெண்ணின் எண்ணில் பதிவு செய்து, வீட்டில் உள்ளவர்களை அதன் கீழ் தனித்தனிப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். ஆபா என்ற 14 இலக்க சுகாதார எண் இருந்தால் அதையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இன்னொன்று நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் கணக்கிலேயே பணம் கட்டி உம்மாவுக்கு நேரம் போட்டுவிடுவார். டாக்டர் திரையில் தெரிவது '34 வயது ஆண்'. மருந்துச் சீட்டும் மகன் பெயரில் வரும், அதை மெடிக்கலில் கொடுத்தால் கேள்வி வரும். வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்ற அளவு என்பது அங்கேயே தப்பிவிடுகிறது. 'யாருக்காக' என்ற இடத்தில் தாயின் பெயர், வயது போட்டுவிட்டுத்தான் அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். இன்னொரு விஷயம், அந்த மகன் வெளிநாட்டில் இருந்தபடி தனக்காக இங்குள்ள டாக்டரிடம் பார்ப்பது இந்த வழிகாட்டுதலுக்குள் வராது, அது இந்தியாவுக்குள் மட்டும்தான்.

சிக்னல். வீட்டுக்குள் கான்கிரீட் சுவருக்கு நடுவே வீடியோ நின்று நின்று வரும். மொட்டை மாடியில் சிக்னல் நன்றாக இருந்தாலும் காற்று இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் நோயாளி முகத்தில் விழும்படி உட்காருவதுதான் சரி. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கருத்துத்தான் தெரியும். தனுஷ்கோடி பக்கம் போன் இலங்கை சிக்னலைப் பிடிப்பதுண்டு. அங்கே நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து, டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். டோக்கன் எடுத்த பிறகு திரையை அணைத்துவிட்டாலோ வேறு செயலிக்குப் போய்விட்டாலோ சில போன்களில் அழைப்பு மணி அடிக்காது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும், பேசும் வரை திரை அணையக் கூடாது.

வீடியோ விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழிகாட்டுதலில் மருந்துகளை வகை பிரித்திருக்கிறார்கள். பாரசிட்டமால், ஓஆர்எஸ், இருமல் மிட்டாய் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். அடுத்த வகை மருந்துகளை முதல் முறை பார்க்கும் நோயாளிக்கு வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம். வீடியோ விழுந்து குரல் மட்டும் மிஞ்சினால் டாக்டருக்குக் கை கட்டப்பட்டுவிடும். நேரில் ஏற்கனவே பார்த்த அதே டாக்டரிடம், அதே வியாதிக்கு, ஆறு மாதத்துக்குள் பேசினால் அது தொடர் சிகிச்சை என்று கணக்காகும், அப்போது இன்னும் சில மருந்துகளைச் சேர்க்கலாம். தூக்க மாத்திரை, போதை தரும் வலி மருந்து போன்றவற்றை இந்த வழியில் பொதுவாக எழுத முடியாது. எவ்வளவு கெஞ்சினாலும் எழுதாத டாக்டர் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்.

பேசும் முன் கையில் இருக்க வேண்டியவை: சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாம், பழைய சீட்டு, ஒரு தாளில் எழுதிய நாட்கணக்கு. 'ரெண்டு மூணு நாளா மேலுக்கு முடியல' என்பதற்குப் பதிலாக, 'திங்கட்கிழமை ராத்திரி காய்ச்சல் தொடங்கியது, நேற்று 101, இன்று காலை 102, மாத்திரை போட்டால் நாலு மணி நேரம் இறங்குகிறது' என்றால் டாக்டர் பத்துக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மாத்திரை பெயரை வாயால் சொல்லாதீர்கள், அட்டையைக் கேமரா முன் பிடியுங்கள். 'சிவப்பு மாத்திரை, சின்னது' என்று சொல்லி எந்த டாக்டராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுவதையும் மறைக்க வேண்டாம்.

பிரஷர் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் நல்லது, ஆனால் பார்க்கும் விதத்தில்தான் பாதி தவறு நடக்கிறது. டீ, பீடி, வெற்றிலையோடு புகையிலை இவை அரை மணி நேரத்துக்கு முன் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கை நெஞ்சு உயரத்தில் இருக்கப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. இரண்டு எண்களையும் எழுதுங்கள். நல்லதாக வந்ததை மட்டும் சொல்வது நமக்குத்தான் கேடு. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு மருதாணியும் நகப்பூச்சும் எதிரி. கல்யாண வீட்டுப் பெண்களுக்கு மருதாணி இல்லாத விரலாகப் பார்த்து மாட்ட வேண்டும், அல்லது காதுமடலுக்கான கருவி வேண்டும். ஈரக்கை, குளிர்ந்த கையிலும் எண் தப்பாக வரும். 94க்குக் கீழ் நின்றால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும், 90க்குக் கீழ் என்றால் 108.

குழந்தைகள் விஷயத்தை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தைக்காகப் பேசும்போது பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும், அதுவும் வழிகாட்டுதலில் உள்ளது. எடை தெரியாமல் பேச உட்காராதீர்கள். அங்கன்வாடியில் போட்ட எடை பழசாக இருக்கும், பக்கத்துக் கடைத் தராசிலாவது பார்த்துவிடலாம். பாரசிட்டமால் அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இப்போது வீட்டில் இருக்கும் பாட்டிலைப் பாருங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250 இருக்கும். சொட்டு மருந்து என்று வருகிற சின்ன பாட்டிலில் 1 மில்லிக்கே 100 மில்லிகிராம். டாக்டர் முதல் பாட்டிலை மனதில் வைத்து '5 மில்லி கொடுங்க' என்கிறார். வீட்டில் இருப்பது இரண்டாவது என்றால் இரட்டிப்பு, சொட்டு மருந்து என்றால் 500 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்கு. அதை ஆறு மணி நேரத்துக்கொரு தரம் கொடுத்தால் ஈரல் கெட்டுப்போகும். ஆகவே பாட்டிலின் லேபிளைக் கேமராவில் காட்டி, 'இந்த பாட்டிலில் எத்தனை மில்லி?' என்று கேளுங்கள். அளக்க மூடியோ சிரிஞ்சோதான், சமையலறைக் கரண்டி வேண்டாம்.

போட்டோ. கடற்கரை ஊரில் போன் கேமரா கண்ணாடியில் உப்புப் படலம் படிந்தே இருக்கும். மெல்லிய துணியால் துடைக்காமல் எடுத்தால் சொறி எல்லாம் மங்கலாக, பனி மூடியதுபோல் தெரியும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பியூட்டி பில்டர் இல்லாமல் எடுக்க வேண்டும். உடம்பில் எந்த இடம் என்று தெரிய ஒன்று தூரத்திலிருந்து, பக்கத்தில் ஒரு நாணயமோ ஸ்கேலோ வைத்து இன்னொன்று கிட்டத்திலிருந்து. காயத்தில் மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள். அப்பியிருந்தால் சுத்தத் தண்ணீரில் கழுவிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் டாக்டர் பார்ப்பது மஞ்சளைத்தான். சொறி எந்த இடத்தில் தொடங்கியது, இறால் கழிக்கும் வேலையா, ரப்பர் கையுறை போடுகிறவரா, உப்பளமா என்று தொழிலையும் சொல்லுங்கள். தோல் டாக்டருக்கு அது பாதி விடை.

பேச்சு முடிந்ததும் சீட்டு பிடிஎஃப் ஆக வரும். டாக்டர் பெயர், பதிவு எண், தேதி, நோயாளி பெயர் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். பாதி வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டை மெடிக்கலில் காட்டினால் பொறுப்புள்ள கடைக்காரர் கொடுக்க மாட்டார். அழைப்பு அறுந்துவிட்டால் சீட்டு வந்ததா என்று செயலிக்குள் பழைய ஆலோசனைகள் பகுதியில் தேடுங்கள், சில சமயம் வந்து கிடக்கும். கடைக்காரர் வேறு கம்பெனி மாத்திரை தந்தால் அட்டையில் உள்ள மருந்துப் பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று ஒத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டிபயாடிக் எழுதினால் எத்தனை நாள் என்று கேட்டு, அத்தனை நாளும் முடிக்க வேண்டும். எந்த அறிகுறி வந்தால் நேரில் வர வேண்டும் என்று கேட்காமல் அழைப்பை முடிக்காதீர்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், கண் தெரியாத பெரியவர்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்குள்ள நர்ஸ் பிரஷர், சுகர் பார்த்துவிட்டு, அங்கிருந்தே இ-சஞ்சீவனியில் டாக்டரோடு இணைத்துப் பேச வைக்கும் ஏற்பாடு உண்டு. என் கணிப்பில், வயதானவர்களுக்கு வீட்டிலிருந்து பேசுவதைவிட இதுவே மேல். அளவெடுக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் அல்லவா. பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் தேவை என்றால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்கே வரும். எந்த டாக்டரைப் பார்ப்பது என்றே தெரியாதவர்கள் 104க்குப் பேசலாம். மனநலத்துக்கு டெலி மானஸ் என்ற 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மனநோய் தீர ஏர்வாடி தர்காவுக்கு வேண்டுதலாக வருகிற குடும்பங்களுக்கும் இந்த எண்ணைக் கொடுங்கள். துஆவும் தொடரட்டும், மருந்தும் தொடரட்டும்.

கடைசியாகப் பணம். இ-சஞ்சீவனியில் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டார்கள். 'பதிவுக்கு 10 ரூபாய் இந்த லிங்கில் கட்டுங்க' என்று வந்தால் மோசடி. ஆஸ்பத்திரி எண்ணைக் கூகுளில் தேடி முதலில் வருகிறதைக் கூப்பிட்டு மாட்டியவர்கள் உண்டு, அந்த எண்ணில் திருடன் உட்கார்ந்திருப்பான். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பை, நிறுவாதீர்கள், திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள், ஓடிபியை யாரிடமும் வாயால் சொல்லாதீர்கள். தனியார் செயலியில் கேட்டதும் உடனுக்குடன் பதில் எழுதுவது இயந்திரமாகவும் இருக்கலாம். மருந்து எழுத இயந்திரத்துக்கு வழிகாட்டுதலில் அனுமதி இல்லை. டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணி நேரத்திலேயே 1930க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அவ்வளவு அதிகம்.